மக்காது, தம்பி

நாகப்பட்டினம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது.  

போன வாரம் போனில் பேசும்போது, உடைந்த தெர்மாகோல் மீன் பெட்டிகளைக் கரையோரம் குவித்து வைத்திருப்பதாகச் சொன்னாய். "வெயில்ல கிடந்தா தானா மக்கிரும்க்கா" என்றாய். அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை.

நேற்றுக் காலையில் கடற்கரைக்குப் போனேன். அடும்பங்கொடிக்குள் ஒரு பெட்டி மூடி சிக்கிக் கிடந்தது. மேலெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. தேய்த்தால் விரலில் மாவாக ஒட்டியது. மாவுக்குக் கீழே புதுப் பெட்டி போல வெள்ளை வெளேரென்று இருந்தது. தூக்கியதும் ஓரம் உதிர்ந்து, மணிமணியாகக் காற்றில் பறந்தது. துரத்திப் பிடித்ததில் நாலைந்துதான் கைக்கு வந்தன.

நீ மக்குவதாக நினைப்பது இதைத்தான். தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்; வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் நீள மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கிறது. அறுந்த இடத்தில் ஆக்சிஜன் சேர்கிறது. மேல்தோல் மஞ்சளாகி நொறுங்குவது அதனால்தான். கதிர் உள்ளே அதிகம் இறங்காது. அலையும் மணலும் தோலை உரித்த பிறகே அடுத்த அடுக்குக்கு வெயில் கிடைக்கும். பாலிஸ்டைரீன் முழுவதும் கரியமில வாயுவாக மாறுவதற்கு வெயிலுக்கு நூற்றாண்டுகள் ஆகும் என்று 2019-இல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவன விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள்.

புழு தின்றுவிடும் என்றும் சொல்கிறார்கள். 2015-இல் வந்த ஆய்வில் 100 மாவுப்புழுக்கள் ஒரு நாளில் தின்ற தெர்மாகோல் 34 முதல் 39 மில்லிகிராம். அரைக் கிலோ பெட்டி ஒன்றைத் தீர்க்க அந்த நூறுக்கும் 35 வருஷம் போதாது. கடலில் தெர்மாகோல் மிதவைகளைத் துளைத்துக் குடியிருக்கும் சிற்றுயிர்களோ அதைத் தின்று செரிப்பதில்லை. குடைந்து தூளாக்கித் தண்ணீரில் தள்ளுகின்றன.

தெர்மாகோலில் 98 சதவீதம் காற்று. அதனால்தான் மிதக்கிறது. மணி நசுங்கிக் காற்று போய்விட்டால், மிஞ்சும் பிளாஸ்டிக் கடல்நீரைவிடக் கனம், அடியில் இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாமல் போனதை நாம் மக்கியதாக எண்ணிக்கொள்கிறோம். நமக்குச் சோறு போடும் மீன் மேய்கிற இடத்தில்தான் அது கிடக்கிறது.

தெர்மாகோல் தட்டுக்கும் கப்புக்கும் 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை. மீன் பெட்டி அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. ஆகவே அதை நிறுத்துவது உன் கையில்தான் இருக்கிறது.

கரையில் இருப்பதை இன்றே அள்ளி, உதிராமல் சாக்கில் கட்டி, நிழலில் வை. பழையது எடுப்பவர் யாரென்று விசாரித்துக் கொடு. இனி வாங்கும்போது, வருஷக்கணக்கில் உழைக்கும் கெட்டி ஐஸ் பெட்டியாகப் பார்த்து வாங்கு. பணம் குறைந்தால் அக்கா தருகிறேன்.

முழுசாக இருக்கும்போது ஒரு பெட்டியை உன் மகள்கூட ஒரு கையால் தூக்கிவிடுவாள். மணியாகச் சிதறிய பிறகு ஊரே திரண்டாலும் பொறுக்க முடியாது.

அன்புடன்,
அக்கா