வேகமும் அமானிதமும்



பழைய கார் ஒன்றை வாங்கிய செய்தியை இங்கே எழுதுவானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். தொழுகையும் நோன்பும் நமக்கும் இறைவனுக்கும் இடைப்பட்டவை. ஆனால் கொடுக்கல் வாங்கலில் மூன்றாவதாக ஒரு மனிதர் வந்து நிற்கிறார். அவருடைய உரிமை நம் கைக்குள் வந்துவிடுகிறது. அந்த மனிதர் நமக்கு அறிமுகமில்லாதவராகவும், வாங்கும் பொருள் வேகமான வண்டியாகவும் இருந்துவிட்டால் சோதனை இரட்டிப்பாகிறது.

சிறிய உடலில் பெரிய எஞ்சினின் ஆற்றலை அடைத்துவைத்த கார்கள் நம் நாட்டில் மிகச் சிலவே வந்தன. 2015-ல் 145 பிஎஸ் திறனுடன் ஃபியட் அபார்த் புன்ட்டோ வந்தது. ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடிஐ 192 பிஎஸ் திறனுடன் 2016-ல் வெறும் 99 வண்டிகள் என்ற கணக்கில் இறக்குமதியானது. 2021-ல் ஹூண்டாய் ஐ20 என் லைன் வந்தது. இவற்றுக்கிடையே நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு ஓரளவு எட்டியது, புனேக்கு அருகே சாக்கனில் தயாரான போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 105 பிஎஸ் திறன், இரட்டை கிளட்ச் கொண்ட ஏழு வேகத் தானியங்கி கியர் பெட்டி. 2022-ல் இந்தியாவில் போலோவின் உற்பத்தி நின்றுவிட்டதால், இனி அதை விரும்புகிறவர் இன்னொருவர் ஓட்டிய வண்டியைத்தான் தேடவேண்டும்.

நான் அதைத் தேடத் தொடங்கியபோது என் மனைவி கேட்ட கேள்வி நேர்மையானது: “தென்னூரிலிருந்து ஸ்ரீரங்கம் போய்வர இவ்வளவு வேகம் எதற்கு? இது வீண்விரயம் ஆகாதா?” நெடுஞ்சாலையில் லாரியை முந்திச் செல்லும் பாதுகாப்புக்காக என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அது பாதி உண்மை. மீதி உண்மை, நன்றாகச் செய்யப்பட்ட ஓர் இயந்திரத்தின் மீது எனக்கிருந்த ஆசை.

அந்த ஆசையை மார்க்கம் முற்றாக மறுக்கவில்லை. அந்நஹ்ல் அத்தியாயத்தின் எட்டாம் வசனம் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் கழுதைகளையும் குறிப்பிடும்போது, ஏறிச் செல்வதற்கென்று மட்டும் சொல்லாமல் அலங்காரத்தையும் சேர்த்தே சொல்கிறது. பயிற்றுவிக்கப்பட்ட குதிரைகளுக்கிடையே நபி (ஸல்) அவர்கள் பந்தயம் நடத்தியதும், அதற்குத் தொடங்கும் இடமும் முடியும் இடமும் குறிக்கப்பட்டிருந்ததும் புகாரியில் பதிவாகியுள்ளன. அதே நபியவர்கள் குதிரை வைத்திருப்போரை மூவகையாகப் பிரித்தார்கள். ஒருவருக்கு அது நன்மை, இன்னொருவருக்கு மறைப்பு, பெருமைக்கும் பகட்டுக்கும் வைத்திருப்பவருக்கோ அது பாவச்சுமை. குதிரை ஒன்றேதான். வேறுபடுவது அதை வைத்திருப்பவரின் உள்ளம். என் மனைவிக்கு நான் சொல்ல முடிந்த விடை இதுதான்: “இந்த மூன்றில் எந்த வகையில் நான் சேருவேன் என்பதை நீயே பார்த்துச் சொல்.” அந்தப் பொறுப்பை அவள் இன்றுவரை கைவிடவில்லை.

வட்டிக்குக் கடன் வாங்குவதில்லை என்பது எங்கள் வீட்டில் அத்தா காலத்திலிருந்தே உள்ள முடிவு. எனவே சேமிப்புக்குள் அடங்கும் விலைதான் எல்லை. புதிய கார் முதல் சில ஆண்டுகளில்தான் தன் மதிப்பைப் பெருமளவு இழக்கிறது. அந்த இழப்பை முதல் உரிமையாளர் ஏற்றுக்கொண்ட பின் வாங்குவது வட்டியைத் தவிர்க்க விரும்பும் குடும்பத்துக்கு ஏற்ற வழி. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. வண்டியின் கடந்த காலத்தை இன்னொருவர் சொல்லித்தான் நாம் அறியவேண்டும்.

முதலில் பார்த்த வண்டி வெளியூர் வியாபாரி ஒருவரிடம் இருந்தது. ஓடிய தூரம் 38,000 கிலோமீட்டர் என்று மீட்டர் காட்டியது. பிரேக் மிதியின் ரப்பரோ வழவழவென்று தேய்ந்திருந்தது. ஸ்டீயரிங்கின் தோலும் ஓட்டுநர் இருக்கையின் விளிம்பும் வேறு கணக்கைச் சொல்லின. சர்வீஸ் பதிவேட்டைக் கேட்டபோது பேச்சு வேறு பக்கம் திரும்பியது. அளவையில் மோசடி செய்வோருக்குக் கேடு என்று எச்சரிக்கும் அத்தியாயம் தராசையும் மரக்காலையும் பற்றியது என்றே இளமையில் ஓதியிருந்தேன். கிலோமீட்டரும் ஓர் அளவைதான் என்பது அன்று விளங்கியது.

வாங்க நினைப்போருக்குச் சில குறிப்புகள். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 3219 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆம் வாரத்தில் தயாரானது என்று பொருள். வேகமான வண்டிக்குப் பழைய டயர் ஆபத்து. சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பதிவுச் சான்றோடு ஒப்பிடுங்கள். கடன் நிலுவை உள்ளதா என்று பரிவாகன் தளத்தில் பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும் நிலையில் முதன்முறை இயக்கிக் கேளுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்த எஞ்சின் பல ஒலிகளை மறைத்துவிடும். இரட்டை கிளட்ச் வண்டியாயின் நெரிசலில் ஊர்ந்து செல்லும் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அதன் குலுக்கல் நெடுஞ்சாலையில் தெரியாது.

இரண்டாவது வண்டி ஸ்ரீரங்கத்தில் கிடைத்தது. டிஎன் 48 பதிவு, 2017-ஆம் ஆண்டுத் தயாரிப்பு. கோவிலைச் சூழ்ந்த உத்திர வீதியில் வசிக்கும் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரின் மகனுடையது. மகன் வெளிநாட்டில் நிலைத்துவிட்டார். மதில்களுக்கு நடுவே அமைந்த அந்த வீதியில் கார் நிறுத்துவதே பெரும்பாடு என்பதால் பெரியவர் விற்க முன்வந்தார். பாலக்கரையிலிருந்து நான் அழைத்துச் சென்ற மெக்கானிக் ஒரு மணி நேரம் ஆராய்ந்து, குறையொன்றும் தென்படவில்லை என்றார்.

அப்போது பெரியவர் உள்ளே சென்று ஒரு கோப்பை எடுத்து வந்தார். “பாய், ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சமயபுரம் பக்கம் ஒரு இரவு என் பையன் இதைச் சாலை நடுத்தடுப்பில் இடித்துவிட்டான். இடது முன்பக்கமும் கதவும் மறுபடி பெயின்ட் அடித்தவை. கீழே ஒரு பாகமும் மாற்றியிருக்கிறது. பில் எல்லாம் இதில் இருக்கிறது. பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் எனக்கு வருத்தமில்லை.”

யாரும் கேட்கவில்லை. யாருக்கும் தெரிந்திருக்கவுமில்லை. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும் என்ற நபிமொழியை நாம் பள்ளிவாசலில் பலமுறை கேட்டிருக்கிறோம். அதை ஸ்ரீரங்கத்துத் திண்ணை ஒன்றில், அந்த நபிமொழியைக் கேட்டிராத ஒருவர் செயலில் காட்டினார்.

பிறகு அவர் விலையைச் சொன்னார்: நான்கே முக்கால் லட்சம். சாதாரண போலோவின் விலையை யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். இந்த வகைக்கு அதைவிட ஒரு லட்சமாவது கூடுதலாகக் கிடைக்கும் என்பது, பல வாரங்கள் தேடி அலைந்த எனக்குத் தெரியும். உடன் வந்த மச்சான் என் கையை மெல்ல அழுத்தினார். அவர் கேட்ட விலையை அவரே சொல்கிறார், நாம் ஏமாற்றவில்லையே என்பது அவர் வாதம். சட்டப்படி அதில் பிழை காண்பது கடினம்.

ஆனால் ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்களின் குதிரை என் நினைவுக்கு வந்தது. அவருடைய பணியாளர் 300 திர்ஹத்துக்குக் குதிரை ஒன்றைப் பேசி முடிக்கிறார். குதிரையைக் கண்ட ஜரீர், இது அதைவிட மதிப்புள்ளது என்று உரிமையாளரிடம் தாமே சொல்லி, விலையைப் படிப்படியாக உயர்த்தி 800 திர்ஹம் கொடுக்கிறார். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் தாம் உறுதிமொழி அளித்ததே காரணம் என்கிறார். தபரானீயில் இடம்பெறும் செய்தி இது. “அது முஸ்லிமுக்கு மட்டும்தானே?” என்றார் மச்சான் பின்னர் ஒருநாள். ஹிஜ்ரத்தின் இரவில், தம்மைக் கொல்லத் தேடிய மக்காவாசிகளின் அமானிதப் பொருட்களைத் திருப்பிக் கொடுப்பதற்காகவே அலி (ரலி) அவர்களை நபியவர்கள் ஊரில் விட்டுச் சென்றார்கள். பொருளுக்கு உரியவரின் மதத்தை அங்கே யாரும் கேட்கவில்லை.

“ஐயா, நீங்கள் கேட்பது குறைவு. இது வேறு வகை வண்டி” என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் என்னைப் பார்த்தார். பின்னர் இருவரும் தலைகீழாகப் பேரம் பேசினோம். நான் விலையை ஏற்ற, இடித்த வண்டியாயிற்றே என்று அவர் இறக்க, ஐந்து லட்சத்து அறுபதாயிரத்தில் முடிந்தது. எண்பத்தைந்தாயிரம் ரூபாய் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய தொகையன்று. அவ்வாண்டு நினைத்திருந்த வீட்டுப் பராமரிப்பு ஒன்று தள்ளிப்போனது. ஆயினும் அந்த வண்டியில் அமரும்போது என் மனத்தில் உறுத்தல் எதுவுமில்லை.

பணம் கைமாறியதும் கடமை முடிந்துவிடுவதில்லை. படிவம் 29, 30 இரண்டிலும் கையொப்பம் வாங்கிவைத்துக்கொண்டு, பெயர் மாற்றத்தை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளராகக் கருதப்படுவார் என்று நவீன் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது, நான் ஏற்படுத்தும் விபத்துக்கான இழப்பீட்டுச் சுமை அந்தப் பெரியவரின் தலையில் விழக்கூடும். எனவே அந்த வாரமே விண்ணப்பித்தேன். காப்பீட்டை மாற்றிக்கொள்ளச் சட்டம் தரும் அவகாசம் 14 நாட்கள் மட்டுமே. முன்னவர் ஈட்டிய நோ கிளெய்ம் போனஸ் அவருக்கே உரியது, வண்டியோடு நமக்கு வராது என்பதையும் நினைவில் வைத்து இதற்கான செலவைக் கணக்கிடுங்கள்.

வண்டியின் மறைந்த குறையைப் பெரியவர் வெளிப்படுத்திவிட்டார். ஓட்டுபவனின் மறைந்த குறையை வெளிப்படுத்துவது வேகம். காவிரிப் பாலத்து நெரிசலில் எல்லா வண்டிகளும் சமம்தான். அங்கே இந்த வண்டி கேட்பது பொறுமை மட்டுமே. உலர் கிளட்ச் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் சூடேறும். முன்னால் சற்று இடைவெளி விட்டு, நின்று, பிறகு நகர்வதே அதற்கு நல்லது. கொள்ளிடம் தாண்டிச் சென்னை நெடுஞ்சாலையில் ஏறியபின்தான் உண்மையான சோதனை. வலது காலைச் சற்று அழுத்தினால் போதும், முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்கிறது. எவரேனும் முந்திச் சென்றால் உள்ளுக்குள் ஒரு குரல் எழுகிறது. அந்தக் குரல் எஞ்சினுடையதன்று.

மணிக்கு 100 கிலோமீட்டரில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. கால் பிரேக்குக்குச் செல்லுமுன்பே அத்தனை தூரம் போய்விடும். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். தமிழகத்தில் மட்டும் 17,884 பேர். நாடளாவிய மரணங்களில் பத்தில் ஏழுக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியுள்ளது. வேகத்தை உண்மையிலேயே நாடுவோருக்கு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோயம்புத்தூரில் செட்டிபாளையத்திலும் பந்தயப் பாதைகள் உள்ளன. மதீனாவில் குதிரைப் பந்தயத்துக்கு எல்லை குறிக்கப்பட்டதன் பொருளும் இதுவே. வேகத்துக்கு ஓர் இடம் உண்டு. பிள்ளைகள் கடக்கும் சாலை அந்த இடமன்று.

என் மகனுக்குப் பதினேழு வயது. சாவியை ஒருமுறையாவது கொடுங்கள் என்று கேட்காத வாரமில்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறார் வண்டியோட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு மூன்று ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் 12 மாதங்களுக்கு ரத்தாகும். ஆனால் சட்டத்தைக் காட்டி மட்டும் அவனை நிறுத்த நான் விரும்பவில்லை. தம் மகனுக்கு லுக்மான் (அலை) அவர்கள் சொன்ன அறிவுரைகளுள், நடையில் நடுநிலை பேணுவதும் ஒன்று. தந்தை எப்படிச் செல்கிறாரோ அதுவே மகனுக்குப் பாடம். எனவே அவனை அருகில் அமர்த்திக்கொண்டே ஓட்டுகிறேன். டயரின் காற்றழுத்தம் பார்ப்பதும் ஆயில் அளவு பார்ப்பதும் இப்போது அவன் பொறுப்பு. வேகமுள்ள் 90-ஐத் தாண்டினால் சுட்டிக்காட்டும் உரிமையையும் அவனுக்குக் கொடுத்திருக்கிறேன். தாயைப் போலவே அவனும் அதைத் தயங்காமல் பயன்படுத்துகிறான்.

வாகனத்தில் ஏறும்போது நாம் ஓதும் துஆ, அதை நமக்கு வசப்படுத்தித் தந்தவனைத் துதிப்பதில் தொடங்கி, அவனிடமே நாம் திரும்பிச் செல்வோம் என்று ஒப்புக்கொள்வதில் முடிகிறது. குழந்தைகளுக்கு அதன் சொற்களைக் கற்பிக்கும்போது பொருளையும் சேர்த்துக் கற்பியுங்கள்.

விற்கும்போது குறையை மறைக்காத நாவையும், வாங்கும்போது பிறர் அறியாமையில் இலாபம் தேடாத உள்ளத்தையும், ஓட்டும்போது பிறர் உயிரை அமானிதமாகக் கருதும் நிதானத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.