மொட்டை மாடியில் வள்ளி திருமணம்

மாசி, வியாழன் இரவு

பெரியப்பா வீட்டுத் தெருமுனை மாரியம்மன் கோயில் சுவரில் நாடக நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ரோஸ் நிறத் தாள். மேலே அம்மன் படம், கீழே வரிசையாக நடிகர்களின் போட்டோக்கள்: ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ். ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஓர் ஊர். புதுக்கோட்டை, மதுரை, காரைக்குடி என்று ஆளுக்கொரு திசை. ஹார்மோனியம் பின்பாட்டு மட்டும் நம் திண்டுக்கல். நாடகம் ‘வள்ளி திருமணம்’. நாளை இரவு.

கோட்டை மாரியம்மனுக்கு மாசித் திருவிழா நடக்கிற நாட்களில் ஊரே மஞ்சளும் வேப்பிலையுமாகத்தான் இருக்கும். இப்போது தொடங்கி ஆடி வரைக்கும் நாடகக்காரர்கள் கையில் நாலு காசு பார்க்கிற காலம். 2020-ல் ஊரடங்கு வந்தது சரியாக இந்த மாதங்களில். வருஷச் சம்பாத்தியத்தை அந்தச் சில மாதங்களில் எதிர்பார்த்திருந்தவர்கள் கொத்து வேலைக்கும் கூலி வேலைக்கும் போனார்கள். அதில் எத்தனை தொண்டைகள் பாட்டுக்குத் திரும்பி வரவில்லையோ என்ற கவலை நோட்டீஸைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வரும்.

கல்லூரியில் படிக்கும் பெரியப்பா பேத்தி போனில் ஒரு காட்சியைக் காட்டினாள். இத்தாலியில் வெரோனா என்ற ஊர். ரோமானியர் கட்டிய வட்ட அரங்கம், மேலே திறந்த வானம், கல் படிகளில் ஆயிரக்கணக்கானவர்கள். 1913-ல் வெர்டியின் நூற்றாண்டுக்காக அவருடைய ‘ஐடா’வை அங்கே மேடையேற்றினார்களாம், அன்றிலிருந்து கோடை இரவுகளில் ஓபரா. “மைக் கிடையாது சித்தப்பா, தொண்டைதான்” என்றாள் வியப்பாக. கதையைப் பாட்டாலும் வசனத்தாலும் நடத்துகிற நாடகம் உன் வீட்டு வாசலுக்கே நாளைக்கு வருகிறது, மாடியிலிருந்து விடிய விடியப் பார்ப்போம் என்றேன். சரி என்றாள்.

வெள்ளி, இரவு எட்டரை

பாய், தலையணை, ஒரு குடம் தண்ணீரோடு மொட்டை மாடிக்கு வந்தாயிற்று. மேற்கே மலைக்கோட்டை கறுப்பாகத் தெரிகிறது. சிறுமலைப் பக்கமிருந்து காற்று இன்னும் இறங்கவில்லை.

தெருவில் உட்கார்ந்து நாடகம் பார்த்திருக்கிறேன். மாடியிலிருந்து பார்ப்பது வேறு. மேடைக்குப் பின்னால் தென்னங்கீற்றுத் தடுப்பு மட்டும்தான், மேலே கூரை இல்லை. படுதாவுக்கு முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே பார்வையில் விழுகிறது. ராஜபார்ட் தோளில் ஒரு பையோடு தனியாக வந்தார். ஹார்மோனியத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மிருதங்கக்காரருக்குக் கைகொடுத்தார். கண்ணாடியைக் கீற்றில் செருகி முகத்துக்கு எண்ணெய் தடவ உட்கார்ந்தார்.

வள்ளியாக வருகிறவருக்குப் பெரியம்மா முன்னறையை ஒழித்துக் கொடுத்திருந்தார். அலங்காரம் முடிந்ததும் வாசல் திண்ணையில் நின்று ஹார்மோனியக்காரரிடம் பேசியதைக் கேட்டேன்.

“அண்ணே, நான் அஞ்சு கட்டைண்ணே. தர்க்கத்துல அவரு எதுல எடுப்பாரு?”

“அவரு எதுல எடுத்தா என்ன தாயி. ஒனக்கு எது தோதோ அதுலயே பாடு. நான் வந்துருவேன்.”

பிறகு ராஜபார்ட்டும் அவரும் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். “எந்த ஊரு தங்கச்சி?” “மதுரைண்ணே.” இவ்வளவுதான் ஒத்திகை. நள்ளிரவு தாண்டி இவர்கள் முருகனும் வள்ளியுமாக நின்று காதலுக்காக வழக்காடப் போகிறார்கள்; அதுதான் தர்க்கம்.

ஸ்பெஷல் நாடகம் என்று இதற்குப் பெயர். ஒரே குழுவாக ஊர் ஊராகப் போன கம்பெனிகள் நொடித்த பிறகும் நின்ற முறை இது. நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள், மேடையில்தான் சந்திப்பார்கள். மதுரையிலும் புதுக்கோட்டையிலும் திண்டுக்கல்லிலும் இருக்கிற நாடக நடிகர் சங்கங்கள் இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு. முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து ஒரு முழு இரவைக் கட்டியெழுப்ப முடிகிறதென்றால், எல்லோருக்கும் பொதுவாக ஒரு பாடம் இருப்பதால்தான். அந்தப் பாடத்தைக் கொடுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். எமனாகவும் சனீஸ்வரனாகவும் வேஷம் கட்டிக் கூட்டத்தை நடுங்க வைத்துவிட்டு, பிறகு வேஷத்தை விட்டு வாத்தியாரானார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார், டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். 1922-ல் புதுச்சேரியில் மறைந்தார். நூறு வருஷம் கழித்தும் ஒரு தெருமுனையில் நான்கு ஊர்க்காரர்கள் அவர் எழுதியதை நம்பி மேடையேறுகிறார்கள்.

அதே இரவு, பதினொன்றரை

பபூனும் டான்ஸும் முடிந்தது. தெரு கொள்ளாத கூட்டம், விசில், சிரிப்பு. பபூன் நல்ல பாட்டுக்காரர், ஆனாலும் என் மனம் ஒன்றவில்லை. காரணம் குழாய். மூங்கிலில் கட்டிய இரண்டு குழாய் ஸ்பீக்கர்களில் ஒன்று சரியாக மாடி உயரத்தில், எங்களைப் பார்த்து. பாட்டு வார்த்தையாக வராமல் இரைச்சலாக வருகிறது. ஹார்மோனியத்தின் கார்வை முழுக்க அதில் செத்துப்போகிறது. இரண்டு தெரு தள்ளித் தூங்க வேண்டியவர்களுக்கும் உபத்திரவம், கேட்க வந்தவர்களுக்கும் பாட்டு இல்லை.

2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா மாதிரியான நாட்களுக்கு, வருஷத்தில் பதினைந்து நாளுக்கு மேற்படாமல், நள்ளிரவு பன்னிரண்டு வரை அரசு தளர்த்திக் கொடுக்கலாம். விதியில் எனக்குக் குறை இல்லை. ஆனால் விடியும்போது கல்யாணத்தில் முடிய வேண்டிய நாடகத்துக்குப் பன்னிரண்டு மணி என்பது பாதிகூட இல்லை. பல ஊர்களில் கமிட்டிக்காரர்கள் பபூன், டான்ஸை வைத்துக்கொண்டு தர்க்கத்தை வெட்டிவிடுகிறார்கள். பழம் போய்த் தோல் மிஞ்சுகிறது.

இங்கேயும் அனுமதி பன்னிரண்டு வரைதான். கீழே கமிட்டிப் பெரியவர் மேடையோரம் நின்று ராஜபார்ட்டிடம் ஏதோ கேட்கிறார். ராஜபார்ட் வள்ளியைப் பார்க்கிறார். வள்ளி ஹார்மோனியக்காரரைப் பார்க்கிறார். மூவரும் தலையாட்டுகிறார்கள்.

சனி, அதிகாலை நான்கரை

தூக்கம் வரவில்லை, இப்போதே எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டு மணிக்கு மைக்செட் தம்பி ஆம்ப்ளிபயரை நிறுத்தினான். மைக் இல்லாமல் நாடகம் நடக்கும் என்று பெரியவர் கைகுவித்துக் கத்திச் சொன்னார். பாதிக் கூட்டம் எழுந்து போனது. மிச்சமிருந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு மேடையை ஒட்டி வந்து உட்கார்ந்தார்கள்.

முதலில் ஹார்மோனியம். கால்மிதி ஹார்மோனியம் அது. துருத்தியை இரண்டு காலும் மாறி மாறி மிதிக்க, இரண்டு கையும் கட்டைகளில். குழாய் வழியே இரண்டு மணி நேரமாகக் கேட்டது இதே பெட்டியா என்றிருந்தது. 1940-ல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தைத் தடை செய்தது, நம் இசையின் கமகம் அதில் வராது என்று. முப்பத்தொரு வருஷம் கழித்து 1971-ல்தான் தடை தளர்ந்தது. தடை போட்டவர்கள் தெருக்கூட்டத்தில் உட்கார்ந்து ஒரு பின்பாட்டுக்காரரைக் கேட்டிருக்க வேண்டும். வள்ளி ஐந்து கட்டை சுருதியில் மோகனத்தில் விருத்தம் பாடினார்; இவர் கூடவே போனார். அடுத்த நொடி வேடனாக வந்த முருகன் மூன்று கட்டையில் எடுத்தார். விரல் ஒரு தடவை தடவிப் பார்த்தது, அவ்வளவுதான்; அதே மோகனம் கீழே இறங்கி அவருக்காகக் காத்து நின்றது. “நான் வந்துருவேன்” என்று சொன்னாரே, வந்தார்.

பிறகு தர்க்கம். வழி தவறிய மானைத் தேடி வந்தேன் என்கிறார் வேடன். மான் போன வழி இருக்கட்டும், நீ வந்த வழி என்ன என்கிறார் வள்ளி. பழகிய பாதைதான். நடுவில் வேடன், உன் மனக் கதவைத் திறக்கக் கூடாதா என்று கெஞ்சினார். வள்ளி கூட்டத்தைப் பார்த்தார், பிறகு மலைக்கோட்டைப் பக்கம் கைநீட்டினார். “எந்த ஊர்ல வந்து நின்னு கேக்குறீரு? இது திண்டுக்கல்லு. எம் மனசு மாங்காப் பூட்டு. கண்ட சாவிக்கும் திறக்காது.” கீழே கைதட்டல் எழுந்தது. மாடியில் பெரியப்பா எழுந்தே நின்றுவிட்டார். பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்து வளர்ந்த கை அவருடையது. ராஜபார்ட் புதுக்கோட்டைக்காரர், என்ன சொல்லப்போகிறார் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் அவசரப்படவில்லை. மிருதங்கம் ஓர் ஆவர்த்தனம் சுற்றி வரும்வரை சிரித்துக்கொண்டு நின்றார். பிறகு பாட்டாகவே சொன்னார்: பூட்டைச் செய்தவனே வந்து நிற்கிறேன், எனக்குச் சாவி எதற்கு?

இதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மாலையில்தான் ஊர் கேட்டு அறிமுகமானவர்கள். பாட்டும் வாதமும் கலந்தால் திண்டுக்கல் விழித்திருக்கும். லியோனி பட்டிமன்றத்தைக் கேட்டு வளர்ந்த ஊர் இது.

மைக் போனதும் நடிப்பே மாறியதைப் பேத்திதான் முதலில் கவனித்தாள். வள்ளி மேடையின் விளிம்புக்கு வந்து, கடைசி வரிசைக்கு மேலே எங்கோ பார்த்துப் பாடினார். சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கவில்லை. மூச்சு வாங்குகிற இடமெல்லாம் அர்த்தம் முடிகிற இடமாக இருந்தது. எஸ்.ஜி. கிட்டப்பா மைக் இல்லாத கொட்டகைகளில் இப்படித்தான் கடைசி ஆள் வரைக்கும் எட்டியிருப்பார். அவரும் கே.பி. சுந்தராம்பாளும் 1926-ல் இலங்கையில் ஜோடியாக நடித்ததும் இதே ‘வள்ளி திருமணம்’. தியாகி விசுவநாததாஸ் 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் முருகனாக மயில் மேல் அமர்ந்து பாடிக்கொண்டே உயிர்விட்டதும் இதே நாடகத்தில். தேசியப் பாட்டுக்காகப் பலமுறை சிறை சென்றவர் அவர். கீழே ஒரு முருகன் பாடிக்கொண்டிருக்கும்போது பேத்திக்கு இதைச் சொன்னேன். அப்புறம் அவள் போனை எடுக்கவே இல்லை.

முருகன் விருத்தனாக வந்தார், யானை வந்தது, வள்ளி பயந்து கிழவனைக் கட்டிக்கொண்டார். கல்யாணம் இன்னும் ஆகவில்லை, நான் பேனாவை மூடுகிறேன்.

ஞாயிறு

மதுரகவி பாஸ்கரதாஸின் நாட்குறிப்புகளை எடுத்துப் புரட்டினேன். விசுவநாததாஸுக்கும் இன்னும் பலருக்கும் பாட்டு எழுதிக் கொடுத்தவர். எந்த ஊருக்குப் போனார், யாரைப் பார்த்தார், யாருக்குப் பாட்டு எழுதினார் என்று வருஷக்கணக்கில் குறித்து வைத்ததைப் பேரன் முருகபூபதி தொகுத்திருக்கிறார். அலங்காரமே இல்லாத குறிப்புகள். ஆனால் நாடக மேடையின் ஒரு காலத்தை அப்படியே வைத்திருக்கின்றன. வெள்ளி இரவு போன்ற இரவுகளை இன்றைக்கு யார் குறித்து வைக்கிறார்கள்? நோட்டீஸைப் பேத்தி சுவரிலிருந்து பதமாகக் கிழித்து வந்து என்னிடம் கொடுத்தாள். பின்பக்கத்தில் பூட்டு வசனம் இரண்டையும் எழுதி வைத்தேன்.

செவ்வாய்

ஹார்மோனியக்காரரைப் பார்த்துவிட்டு வந்தேன். அடுத்த வருஷமும் மைக் இல்லாமலே நடத்தச் சொல்லிக் கமிட்டிக்கு எழுதப்போகிறேன் என்றேன். மறுத்துவிட்டார்.

“ஒரு நாளைக்குப் பாடிருச்சு தம்பி அந்தப் பிள்ளை. மறுநா சாயங்காலம் அதுக்கு மணப்பாறைப் பக்கம் நாடகம். மறுநாளு வேற ஊரு. சீசன்ல தெனமும் இப்படிக் கத்துனா பங்குனி தாண்டாது தொண்டை. அந்தக் காலத்துல வாத்தியாருங்க தண்ணிக்குள்ள நிக்க வச்சு சாதகம் பண்ண வச்சாங்க. இதுங்க எல்லாம் மைக்குல வளந்த பிள்ளைக.”

நான் யோசிக்காத பக்கம் இது. கேட்பவனுக்குக் கிடைத்த சுகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பாடுகிறவருக்குத் திட்டம் போடக் கூடாது. ஒரு மணி நேரம் பேசினோம். கடைசியில் அவர் சொன்னதைத்தான் எழுதினேன்: குழாய் வேண்டாம், மேடையோரம் கூட்டத்தைப் பார்த்துச் சின்னப் பெட்டி இரண்டு, நாடகத்தை ஏழு மணிக்கே தொடங்கி, பபூன் காட்சியை ஒரு மணி நேரத்தில் முடித்து, தர்க்கத்தை ஒன்பதரைக்குள் எடுத்துவிடுவது. பன்னிரண்டுக்குப் பிறகு விருத்தனும் கல்யாணமும் மட்டும் மைக் இல்லாமல். அவ்வளவை இன்றைய தொண்டைகள் தாங்கும் என்றார். தர்க்கத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெட்ட வேண்டாம் என்ற வரியை நானாகச் சேர்த்தேன். கமிட்டிப் பெரியவர் வாங்கிப் படித்துவிட்டு, ஏழு மணிக்கு யார் சாப்பிட்டு முடித்து வருவார்கள் என்று கேட்டார். சாப்பாட்டையும் கோயிலிலேயே போட்டால் வருவார்கள் என்றார் பெரியப்பா. அது கமிட்டிக்குப் பிடித்திருக்கிறது.

பங்குனியில் தாடிக்கொம்பு பக்கம் ஒரு கிராமத்தில் ‘அரிச்சந்திரா’ இருக்கிறதாம், இதே ஹார்மோனியம். பேத்தி அவளுடைய தோழிகளையும் கூட்டி வருகிறாளாம். மயான காண்டம் வர விடியற்காலம் ஆகிவிடும். அன்றைக்கு மத்தியானமே படுத்துத் தூங்கி எழுந்து கிளம்ப வேண்டும்.