தேங்காயெண்ணெயும் சிங்க் பைப்பும்

எதிர்வீட்டு அக்கா விடியவே வந்து கேட்டைத் தட்டினா.
"தம்பி, குசினி சிங்கில தண்ணி இறங்குதில்லை. ஒருக்கா வந்து பாருங்கோவன்."

கையில கோஸ்டிக் சோடா பக்கெற்.
முதல்ல அதை வாங்கி அங்கால வைச்சன்.
கண்ணில தெறிச்சா பார்வையே போகலாம், அக்கா.

சிங்குக்குக் கீழ வாளியை வைச்சிட்டு, வளைஞ்ச பைப்பைக் கழட்டினன்.
உள்ளுக்கு வெள்ளையா, மெழுகு மாதிரி.
முழுக்கத் தேங்காயெண்ணெய்!
நடுவில மீன் செதில், கறிவேப்பிலைக் காம்பு, தேங்காய்ப்பூ.

தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கிட்டவே உறையத் தொடங்கிடும்.
மார்கழி மழைக்கு எங்கட ஓர்ஸ் ஹில் மேட்டில இரவில அந்தக் குளிர் வந்திடும்.
பிறகு போறது வாறது எல்லாம் அதிலதான் ஒட்டும்.

அதை இளக்கவெண்டு கொதிதண்ணி ஊத்தாதேங்கோ.
பிவிசி பைப் 60 பாகைக்கு மேல தாங்காது, பொருத்து இளகிடும்.
கை பொறுக்கிற சூடு காணும்.

பொரிச்ச சட்டியைப் பழைய பேப்பரால துடைச்சிட்டுக் கழுவுங்கோ. சிங்க் வாயில ஒரு வலை போடுங்கோ. உண்மையா, வேற ஒண்டும் வேண்டாம்.

மேட்டில இருந்து நாங்கள் கானுக்குள்ள விடுறது கடைசியில எங்கட கடலுக்குத்தானே போகுது. அதுதான் எனக்குப் பெரிய கவலை.

பொரிச்சு மிஞ்சின எண்ணெயை உங்கட வீட்டில என்ன செய்யிறனீங்கள்?