ஓசி டிராம்ல ஒரு சின்சினாட்டி ரவுண்டு!

அமெரிக்காவுல பர்ஸைத் தொடாம ஊர் சுத்தணுமா? ஒஹாயோ மாநிலத்து சின்சினாட்டிக்குப் போங்க. 2016-ல ஓட ஆரம்பிச்ச டிராமுக்கு 2020-லேர்ந்து டிக்கெட்டே கிடையாது. ஏறி உட்கார்ந்தா போதும்.

முதல்ல ஒஹாயோ ஆத்தங்கரை. எதிர்க்கரை கென்டக்கி மாநிலம். நடுவுல 1867-ல திறந்த தொங்கு பாலம். புரூக்ளின் பாலத்தை டிசைன் பண்ண ஜான் ரோப்ளிங்தான் இதுக்கும் அப்பா! பாலத்துக்கு மேற்கே பெங்கால்ஸ் டீமோட ஃபுட்பால் ஸ்டேடியம். கிழக்கே ரெட்ஸ் டீமோட பேஸ்பால் மைதானம். ரெண்டும் தனியார் டீம். காசு மட்டும் பெரும்பாலும் பொதுமக்களோடது!

1995-ல அதே மாநிலத்து கிளீவ்லாண்ட் டீம், பால்டிமோருக்கு மூட்டை கட்டப் போறதா அறிவிச்சது. நம்ம டீமும் ஓடிடுமோன்னு இங்கே பயம். வீட்டு வரியில தள்ளுபடின்னு ஒரு ஸ்வீட்டும் காட்டினாங்க. 1996-ல ஹாமில்டன் கவுன்டி மக்கள் (நம்ம மாவட்டம் மாதிரி) ஓட்டுப் போட்டு, விற்பனை வரியை அரை சதவீதம் ஏத்திக்கிட்டாங்க. பால் பாக்கெட் வாங்கற அளவுக்கு வருமானம் இருக்கிறவரும் சரி, பாக்ஸ் சீட்ல உட்கார்றவரும் சரி, கடையில ஒரே வரிதான்.

2000-ல ஃபுட்பால் ஸ்டேடியம் ரெடி. அதுக்கு மட்டும் 45 கோடி டாலருக்கு மேல செலவு. ஒப்பந்தத்துல ஒரு ஷரத்தைக் கேட்டா சிரிப்பீங்க... ஹாலோகிராம் ரீப்ளே மாதிரி எதிர்காலத் தொழில்நுட்பம் வந்தா, அதுக்கும் கவுன்டிதான் பணம் கட்டணும்! எதிர்பார்த்த அளவு வரி வரல. வீட்டு வரித் தள்ளுபடி சுருங்கிச்சு. 2011-ல கவுன்டி தன்னோட பொது மருத்துவமனையை விற்கிற நிலைமை. இவ்வளவுக்கும் அங்கே பெங்கால்ஸ் மேட்ச் நடக்கிறது வருஷத்துக்கு சுமார் பத்து நாள்!

டிராம் வடக்கே திரும்புது. ‘ஓவர் த ரைன்’ ஏரியா. 19-ம் நூற்றாண்டுல குடியேறின ஜெர்மன்காரங்க, இங்கே ஓடின கால்வாயை ரைன் நதின்னு சொல்லப்போய் நிலைச்ச பேர். கால்வாய் மேல இப்போ ரோடு. 2001-ல 19 வயசு கறுப்பின இளைஞரை போலீஸ் சுட்டுக் கொன்னதும் கலவரம் வெடிச்சது இங்கேதான்.

2003-ல தொடங்கின 3சிடிசி-ங்கிற லாப நோக்கமில்லாத அமைப்பு, கம்பெனி முதலீடு, வரிச் சலுகை, அரசுப் பணம் எல்லாத்தையும் சேர்த்து பாழடைஞ்ச கட்டடங்களைச் சீர் பண்ணிச்சு. 2012-ல வாஷிங்டன் பார்க் புதுப்பொலிவோட திறந்தது. சாயங்காலம் போனா தண்ணியில குட்டீஸ் ஆட்டம்! ஆனா, வாடகையும் எகிறிடுச்சு. பழைய ஏழைக் குடும்பங்கள் பல பெட்டியைக் கட்டிடுச்சுங்க.

2025-ல ஃபுட்பால் ஸ்டேடியத்துக்குப் புது குத்தகை. 47 கோடி டாலர் புதுப்பிப்புல 35 கோடி கவுன்டி தலையில!

உங்க ஊர்லயும் ‘வளர்ச்சி’ன்னு சொல்லி யாராவது கட்டடம் கட்ட வந்தா, ரெண்டே கேள்வி கேளுங்க பாஸ். வருஷத்துல எத்தனை நாள் கதவு திறந்திருக்கும்? பக்கத்துல குடியிருக்கிறவங்க அப்பவும் அங்கேயே இருப்பாங்களா?