கூட்டோடு பறந்த பறவை!

மினியாபோலிஸில் ஜனவரி மாதம் வாயைத் திறந்தால், வார்த்தைக்கு முன்னால் புகை வரும். 2019-ல் அங்கே வேலையில் இருந்தேன். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டினார்.

"அரிஸோனா போறேன். தனியா ஓட்ட முடியாது. கூட வர்றியா?"

எழுபத்தெட்டு வயசு. மனைவி காலமாகி ஐந்து மாசம்தான் ஆகியிருந்தது. எப்படி மறுப்பது? ஆபீஸில் பத்து நாள் லீவு கேட்டேன். உடனே கொடுத்துவிட்டார்கள். (நான் இல்லாமலே ஆபீஸ் நடக்கும் என்பது மேனேஜருக்கு முன்பே தெரிந்திருக்கிறது!)

வண்டி, கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ள மோட்டார் ஹோம். குளிருக்குப் பயந்து வருஷா வருஷம் இப்படித் தெற்கே போகிறவர்களுக்கு அங்கே 'ஸ்நோபேர்ட்' என்று பெயர். வேடந்தாங்கல் கதைதான்... இந்தப் பறவைகள் கூட்டையும் தூக்கிக்கொண்டு போகும்!

பாத்ரூம் இருந்ததே தவிர, குழாயைத் திறக்கக் கூடாது. தண்ணீர் உறைந்தால் குழாய் வெடித்துவிடுமாம். அதனால் உள்ளே உறையாத திரவம் ஊற்றியிருந்தார். வழியெல்லாம் பெட்ரோல் பங்க் பாத்ரூம்தான் கதி. அயோவா, கான்ஸஸ், ஓக்லஹோமா... நாலு நாள். ஸ்டீயரிங் மட்டும் என் கைக்கு வரவில்லை. கேட்டால், "நாளைக்கு" என்பார்.

அரிஸோனா வந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றினேன். ஃப்ளாக்ஸ்டாஃப் ஊரில் பனி! ஏழாயிரம் அடி உயரம். மறுபடி மாட்டிக்கொண்டேன்.

அங்கிருந்து இறங்கினால் குவார்ட்ஸைட். சில ஆயிரம் பேர் வசிக்கும் பாலைவன ஊர். குளிர்காலத்தில் லட்சக்கணக்கில் வந்து போகிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகள். 1856-ல் அமெரிக்க ராணுவத்துக்கு ஒட்டகம் ஓட்ட வந்த ஹாஜி அலியின் சமாதி இங்கேதான் இருக்கிறது. பிரமிடு மாதிரி கட்டி, உச்சியில் ஒட்டகம் வைத்திருக்கிறார்கள்.

பெரியவர் வழக்கம்போல இரண்டு மடக்கு நாற்காலி போட்டார். பல வருஷமாய் அங்கே சந்திக்கிறவர்கள் ஒவ்வொருவராய் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி.

"எங்கே வீட்டம்மா?"

ஒவ்வொரு தடவையும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார். அன்றைக்கு மட்டும் பதினோரு தடவை.

ராத்திரி கேட்டேன். "நீங்களேதானே ஓட்டினீங்க... நான் எதுக்கு?"

"ஓட்டறது கஷ்டமில்லே. வந்து இறங்கறதுதான்" என்றார்.

ஜனவரி 30. மினியாபோலிஸில் மைனஸ் 33 டிகிரி. அந்தக் குளிருக்குத்தான் என் ப்ளேன்! வழியனுப்பும்போது அரைக்கைச் சட்டையில் நின்றிருந்தார் பெரியவர்.

"ஏப்ரல்லே திரும்பணும். தனியா ஓட்ட முடியாது. வர்றியா?"

"ஸ்டீயரிங் தருவீங்களா?"

"யோசிக்கிறேன்!"

லீவு லெட்டரை ப்ளேனிலேயே எழுதிவிட்டேன்.