சூடு ஆறுவதற்குள்

திண்டிவனம். மார்கழி ஞாயிறு. காலை மணி ஆறு.

மேம்பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடை. கடைக்குப் பின்னால் ஒரே ஒரு புளியமரம். ஊரின் பெயரிலேயே புளி இருக்கிறது. திந்திரிணி என்றால் புளி. தூரத்துக் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. தார்ச்சாலைக்கு மேல் இடுப்பளவுக்குப் பனி.

பனிக்குள் முதலில் ஒரு மஞ்சள் விளக்கு. பிறகு இரண்டு. பிறகு ஒன்பது.

ஒன்பது வண்டிகளும் ஓரம் கட்டுகின்றன. சைடு ஸ்டாண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையைத் தொடுகின்றன. எஞ்சின்கள் அணைகின்றன. சூடான இரும்பு ஆறும் சத்தம் மட்டும் மிஞ்சுகிறது. டிக். டிக். டிக்.

சென்னையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். டீக்கடைக்காரர் பாய்லரைத் திறக்கிறார். யாரும் டீ கேட்கவில்லை.

நரைத்த தாடிக்காரர் ஒருவர் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் தூக்கி நிறுத்துகிறார். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்துகிறார். பையிலிருந்து ஒரு பழைய பல் பிரஷ், ஒரு பனியன் துணி, ஒரு இருமல் மருந்து பாட்டில். பாட்டிலில் மருந்து இல்லை. 90 நம்பர் கியர் ஆயில்.

கூட்டத்திலேயே சின்னவன் அவருக்குப் பின்னால் நிற்கிறான். ஜாக்கெட் புதிது. வண்டி பழையது. கைமாறி ஒரு மாதம் ஆகிறது.

"டீ குடிச்சிட்டுப் பாக்கலாமேண்ணா."

"டீ எப்ப கேட்டாலும் சூடா குடுப்பாங்க தம்பி. செயின் சூடு போயிடும்."

பிரஷ் செயினின் இரண்டு பக்கமும் போய் வருகிறது. துணி கறுப்பாகிறது. சக்கரம் மெதுவாகச் சுற்றுகிறது. செயினின் உள்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக எண்ணெய். வெளிப்பக்கத்தில் விட்டால் ஓடும்போது தெறித்துவிடும். உள்பக்கத்தில் விட்டால் சுழலும் வேகமே அதை உருளைக்குள் தள்ளும். இதை அவர் சொல்லவில்லை. பாட்டிலின் மூக்கை மட்டும் உள்ளே திருப்பிக் காட்டுகிறார்.

இரண்டு வண்டி தள்ளி ஒருவர் பெட்ரோலில் நனைத்த துணியோடு குனிகிறார். பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு மறிக்கிறது. "பெட்ரோல் வேணாம். உள்ள ரப்பர் ரிங் இருக்கு, கெட்டுடும். மண்ணெண்ணெய் இருக்கு, இந்தாங்க."

தாடிக்காரர் இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவில் செயினை விரலால் மேலே தள்ளுகிறார். கீழே இழுக்கிறார். பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை வைத்துப் பார்க்கிறார். 30 மில்லிமீட்டர். சக்கரத்தைக் கால் சுற்று நகர்த்துகிறார். 30. இன்னும் கால் சுற்று. 25. செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. இறுக்கமான இடத்தில் எவ்வளவோ, அதுதான் கணக்கு.

சின்னவன் தன் வண்டிக்குப் போகிறான். அதற்குச் சென்டர் ஸ்டாண்டு இல்லை. அடிக்கடி வண்டியை உருட்ட வேண்டியிருக்கிறது. இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்கிறான். ஸ்டார்ட் செய்து கியரில் போட்டால் சக்கரம் தானாகச் சுற்றும். கை சாவிக்குப் போகிறது.

தாடிக்காரர் எழுந்து வருகிறார். சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். தூக்கியவர்கள் வண்டியை இறக்குகிறார்கள். அவர் மறுபடி குந்தி, சக்கரத்தைக் கையால் சாணளவு உருட்டுகிறார். துடைக்கிறார். இன்னொரு சாண் உருட்டுகிறார்.

அவருடைய வலது ஆள்காட்டி விரலுக்கு நுனி இல்லை.

சின்னவன் அதைப் பார்க்கிறான். பிறகு சக்கரத்தைப் பார்க்கிறான். அடுத்த சாண் அவன் உருட்டுகிறான்.

டீ வருகிறது. கண்ணாடி டம்ளர்கள். கையுறை கழற்றிய கைகள் டம்ளரைச் சுற்றிக்கொள்கின்றன.

ஒருவர் ஹெல்மெட்டைக் கண்ணாடிக் கம்பியில் கவிழ்த்து மாட்டியிருக்கிறார். நாற்பது வயதுப் பெண் ஒருத்தி அதை எடுத்துத் தரையில் வைக்கிறாள். கம்பி குத்தினால் உள்ளே தெர்மக்கோல் பள்ளமாகும். சீட்டின் மேல் வைத்தால் உருளும். தரை எங்கும் விழாது.

அவள் வண்டியின் ஹேண்டில்பாரில் கிளட்ச் வயர் இரண்டு. ஒன்று வேலை செய்கிறது. அதன் கூடவே இன்னொன்று, நுனியை டேப் சுற்றி மூடி, வேலைக்குக் காத்திருக்கிறது. நான்கு இடத்தில் பிளாஸ்டிக் கட்டு.

"எங்க அறுந்துச்சுக்கா?"

"உளுந்தூர்பேட்டை தாண்டி. மத்தியானம். சித்திரை மாசம்."

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. இரண்டு பேர் எழுந்து வந்து கட்டு போட்டிருக்கும் விதத்தைப் பார்க்கிறார்கள்.

அவளுடைய கருவிப் பை பெஞ்சில் விரிகிறது. ஸ்பார்க் பிளக். பிளக் ஸ்பானர். அலன் கீ ஒரு கொத்து. ஃபியூஸ் நான்கு. டியூப் ஒன்று. எம்-சீல். இன்சுலேஷன் டேப். செயின் லாக் ஒன்று, தீப்பெட்டிக்குள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாக்கெட். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஓர் ஊர் இருக்கும்போலத் தெரிகிறது. அவள் விரல் தொடும்போது ஒரு நொடி நிற்கிறது.

சின்னவன் செல்போனில் படம் எடுக்கிறான்.

கண்ணாடி போட்ட ஒருவர் டம்ளரோடு வண்டி வண்டியாக நடக்கிறார். டயர்களின் பக்கவாட்டைப் படிக்கிறார். சின்னவன் வண்டியருகே குனிகிறார். டம்ளரைத் தரையில் வைக்கிறார்.

பின் டயர். ஒரு சிறு வட்டத்துக்குள் நான்கு எண்கள். 1416.

"இது என்ன தெரியுமா?"

"சைஸாண்ணா?"

"பதினாலாவது வாரம். ரெண்டாயிரத்துப் பதினாறு."

டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது. பள்ளங்கள் ஆழமாக இருக்கின்றன. வண்டி அதிகம் ஓடவில்லை. எங்கோ ஒரு வீட்டு வாசலில் வெயிலில் நின்றிருக்கிறது. அவர் பக்கவாட்டை இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கி விரிக்கிறார். தலைமுடி மாதிரி வெடிப்புகள் திறக்கின்றன. நகத்தால் அழுத்துகிறார். நகம் பதியவில்லை.

எட்டுப் பேர் வந்து பார்க்கிறார்கள். எட்டுப் பேரும் அமுக்கிப் பார்க்கிறார்கள். சின்னவன் கடைசியாக அமுக்குகிறான்.

தாடிக்காரர் செல்போனை எடுக்கிறார். "மேஸ்திரி, டயர் ஒண்ணு. டியூபோட." அளவைச் சொல்கிறார். சாவியைச் சின்னவனிடம் கொடுக்கிறார்.

பனி இன்னும் போகவில்லை. பெண் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவத்தை ஹெல்மெட் கண்ணாடியின் உள்பக்கத்தில் தேய்த்துத் துடைக்கிறாள். மூச்சு விட்டுப் பார்க்கிறாள். ஆவி படியவில்லை. புட்டி கைமாறுகிறது. ஒன்பது ஹெல்மெட்டுகளும் முடிந்து திரும்பி வருகிறது.

இங்கே சாலை பிரிகிறது. இடது பக்கம் புதுச்சேரி. வலது பக்கம் செஞ்சி, திருவண்ணாமலை. நேராக விழுப்புரம். நேர்ச்சாலைக்குப் பலகையில் எண் 132. டீக்கடைக்காரர் சில்லறை எண்ணிக்கொண்டே, பழைய எண்ணிலேயே, "நாப்பத்தஞ்சுல லாரி ஜாஸ்தி, பாத்துப் போங்க" என்கிறார்.

விழுப்புரத்துக்கு 37 கிலோமீட்டர்.

வழக்கமாக வேகமாகப் போகிறவர்கள் இன்று இடது ஓரத்தில் போகிறார்கள். வேகமுள் ஐம்பதைத் தாண்டவில்லை. வண்டிகள் நேர்வரிசையில் இல்லை. ஒன்று இடதாக, அடுத்தது வலதாக. ஒருவர் சட்டென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருபவருக்கு இடம் இருக்கும். சின்னவன் ஐந்தாவது. முன்னால் நான்கு. பின்னால் நான்கு.

கூட்டேரிப்பட்டு. மயிலம் போகும் பாதையில் ஒரு மொபெட் திரும்புகிறது. அப்பா, அம்மா, நடுவில் மொட்டைத் தலைக் குழந்தை. ஒன்பது வண்டிகளும் ஒதுங்கி வழி விடுகின்றன.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடி. கார்கள் வரிசையில் நிற்கின்றன. இருசக்கர வண்டிக்குக் கட்டணம் இல்லை. இடது ஓரச் சந்து வழியாக ஒவ்வொன்றாக நுழைந்து வெளியே வருகின்றன. வெளியே வந்த முதல் வண்டி ஓரத்தில் காத்திருக்கிறது. ஒன்பதாவது வந்த பிறகு நகர்கிறது.

முண்டியம்பாக்கம். காற்றில் சர்க்கரை ஆலை வாசம். முன்னால் ஒரு டிராக்டர், இரண்டு டிரெய்லர் நிறையக் கரும்பு. ஒரு கழி நழுவிச் சாலையில் விழுகிறது. லாரி ஒன்று அதை நசுக்கிப் போகிறது. சாலையில் ஈரச் சக்கை.

முதல் வண்டிக்காரர் இடது காலை நீட்டுகிறார். இரண்டாவது வண்டிக்காரர் நீட்டுகிறார். மூன்றாவது. நான்காவது. சின்னவன் நீட்டுகிறான். அவனுக்குப் பின்னால் நான்கு கால்கள் நீளுகின்றன.

ஒன்பது வண்டிகளும் சக்கையைத் தொடாமல் கடக்கின்றன.

விழுப்புரம். ரயில் சத்தம் கேட்கும் தெரு. தகரக் கூரை போட்ட பட்டறை.

சுவரில் ஒரு பலகை. பலகையில் ஆணிகள். ஆணிகளில் ஸ்பானர்கள். ஒவ்வொரு ஸ்பானரைச் சுற்றியும் வெள்ளைப் பெயிண்டில் அதன் வடிவம். எடுத்தால் கோடு மட்டும் இருக்கும். எது வரவில்லை என்று கோடு சொல்லும்.

அடுத்த ஆணியில் ஒரு ஹெல்மெட். நீல நிறம். பின்னால் ஐஎஸ் 4151 என்ற முத்திரை பாதி தெரிகிறது. விற்பனைக்கு இல்லை.

அதன் கீழே ஸ்டூலில் ஒரு பெரியவர் டீ குடிக்கிறார். அவருடைய புல்லட் வாசலில் நிற்கிறது. கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. 1955-இல் சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்து பூட்டத் தொடங்கிய வம்சம்.

மேஸ்திரி பின் சக்கரத்தைக் கழற்றுகிறார். டயரின் உதட்டில் சோப்புத் தண்ணீர் தடவுகிறார். இரண்டு லீவர் உள்ளே போகின்றன. பழைய டயர் முனகிக்கொண்டு வெளியே வருகிறது. அவர் ரிம்மின் உள்பக்கம் முழுவதும் துணியால் தடவுகிறார். துணி எங்கும் மாட்டவில்லை. ஸ்போக் கம்பிகளை ஸ்பானரால் தட்டிக்கொண்டே போகிறார். டிங். டிங். டிங். டொக். அந்த ஒன்றை அரைச் சுற்று முறுக்குகிறார். டிங்.

புது டயரின் பக்கவாட்டில் ஓர் அம்புக்குறி. சக்கரம் உருளும் திசைக்கு வைத்துப் பார்க்கிறார். டியூபில் பவுடர். கொஞ்சம் காற்று. மடிப்பு இல்லாமல் உள்ளே போகிறது.

கண்ணாடிக்காரர் நான்கு எண்களைத் தேடுகிறார். படிக்கிறார். தலையாட்டுகிறார்.

சின்னவன் நீல ஹெல்மெட்டைப் பார்க்கிறான்.

"இது நல்லாத்தானே இருக்கு?"

பெரியவர் டம்ளரை வைக்கிறார். எழுந்து ஹெல்மெட்டை ஆணியிலிருந்து எடுக்கிறார். வெளியே ஒரு கீறல். விரல் நீளம். அவ்வளவுதான். கவிழ்க்கிறார். உள் துணியை விலக்குகிறார். தெர்மக்கோலில் ஒரு பள்ளம். தன் கட்டைவிரலை அதில் வைக்கிறார். விரல் சரியாகப் பொருந்துகிறது. பிறகு அதே விரலைத் தன் வலது காதுக்குப் பின்னால் வைக்கிறார். அங்கே முடி நரைத்திருக்கிறது. தோல் வழவழப்பாக இருக்கிறது.

"ஒரு தடவதான் தாங்கும். தாங்கிடுச்சு."

ஹெல்மெட் ஆணிக்குத் திரும்புகிறது. அவர் மிச்ச டீயைக் குடிக்கிறார்.

சின்னவன் தன் ஹெல்மெட்டின் உள்ளே கையை விட்டுத் தடவுகிறான். தலையில் போடுகிறான். நாடாவை இரண்டு வளையத்துக்குள் விட்டு, ஒன்றைச் சுற்றித் திருப்பி இழுக்கிறான். பெண் பக்கத்தில் வருகிறாள். தாடைக்குக் கீழே நாடாவுக்குள் இரண்டு விரல் விட்டுப் பார்க்கிறாள். மூன்று விரல் போகிறது. கொஞ்சம் இறுக்குகிறாள்.

கம்ப்ரெஸர் உறுமுகிறது. டயர் ரிம்மில் உட்காருகிறது. டப். டப்.

பெரியவர் கிளம்புகிறார். சாவி. கிக்கரை மெதுவாக அழுத்துகிறார். ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வருகிறது. டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து இன்னும் ஒரு துளி அழுத்துகிறார். விடுகிறார். நிதானமாக ஓர் உதை. வண்டி பிடித்துக்கொள்கிறது. இரண்டாவது உதை தேவைப்படவில்லை. எட்டுப் பேர் ஹெல்மெட்டோடு தலையாட்டுகிறார்கள்.

சாலையிலிருந்து வேறொரு சத்தம். சளக். சளக். சளக்.

பால்காரர் ஒருவர். நூறு சிசி வண்டி. இரண்டு பக்கமும் கேன். சைடு ஸ்டாண்டு போட்டு எதிர்க் கடைக்குப் பால் ஊற்றப் போகிறார். செயின் தொட்டில் மாதிரி தொங்குகிறது. துருப்பிடித்த சிவப்பு.

சின்னவன் கையுறையைக் கழற்றுகிறான். பால் வண்டிக்குப் பக்கத்தில் குந்துகிறான். விரலால் செயினைத் தூக்கிப் பார்க்கிறான். விரல் போய்க்கொண்டே இருக்கிறது.

"அண்ணா, ஒரு நிமிஷம் இருங்க. செயின் ரொம்ப லூசா இருக்கு."

"சாயங்காலம் பாத்துக்கலாம் தம்பி. பால் ஆறிடும்."

"இப்பதான் சூடா இருக்கு."

மேஸ்திரி தலையைத் தூக்கவில்லை. கையை மட்டும் பலகைப் பக்கம் நீட்டிக் காட்டுகிறார். சின்னவன் பெரிய ஸ்பானரை எடுக்கிறான். தாடிக்காரர் இருமல் மருந்து பாட்டிலை நீட்டுகிறார். பால்காரர் சாவியை உருவித் தருகிறார். சின்னவன் அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறான்.

நட்டு தளர்கிறது. அட்ஜஸ்டர் இரண்டு பக்கமும் ஒரே கோட்டுக்கு நகர்கிறது. சக்கரம் சாண் சாணாக உருளுகிறது, கையால். எண்ணெய் உள்பக்கத்தில் விழுகிறது.

பலகையில் ஒரு ஸ்பானரின் வெள்ளைக் கோடு காலியாக இருக்கிறது.

எட்டு வண்டிகள் ஓரத்தில் நிற்கின்றன. ஒன்றும் ஸ்டார்ட் ஆகவில்லை. திருச்சிப் பக்கம் போகும் லாரிகள் கடந்துகொண்டே இருக்கின்றன. வெயில் தகரக் கூரையில் ஏறுகிறது.

பால் வண்டி புறப்படுகிறது. சளக் சத்தம் இல்லை.

சின்னவன் பனியன் துணியில் ஸ்பானரைத் துடைக்கிறான். கோட்டுக்குள் மாட்டுகிறான். கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. நேராக்குகிறான்.