முகாமில் கேட்காத கேள்விகள்

அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். ஆண்டுக்கொருமுறை மருத்துவ முகாமில் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "நிறைய தண்ணீர் குடிங்க, ஓய்வெடுங்க" என்பார்கள். ஓய்வெடுத்தால் அன்றைய கூலி போகும். வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் தண்ணீரையே தவிர்ப்பவர் அவர். குப்பையில் கிடக்கும் ஊசி குத்துகிறது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டதா என்று யாரும் கேட்டதில்லை.

நோயை எங்கள் பழக்கத்தில் தேடுகிறார்கள். அது சாதி எங்கள் தலையில் கட்டிய வேலையில் இருக்கிறது. பாதுகாப்புக் கருவியின்றிச் சாக்கடையில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடை மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது செத்தபின் வருவது. உயிரோடிருக்கத் தேவை கையுறை, கழிப்பறை, சம்பளத்தோடு விடுப்பு.

தோழர்களே, முகாமுக்குத் தன்னார்வலராகப் போனால் எடையோடு நிறுத்தாதீர்கள். இந்த மூன்றும் இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள்.